நல்ல தண்ணீருக்கு யார் பொறுப்பு?

எடப்பாடி வட்டாரத்து மக்களின் வாய்மொழியில் தண்ணீர் ஒன்றன்று, இரண்டு. குடிக்கவும் உலையேற்றவும் ஆவது நல்ல தண்ணீர். துணி துவைக்கவும் ஏனம் கழுவவும் ஆவது உப்புத் தண்ணீர். இரண்டிற்கும் வேறு வேறு குடம். வேறு வேறு தொட்டி. எழுத்தறியாத மூதாட்டியும் நாவில் ஒரு துளி பட்ட அளவிலே இது நல்லது, இது உப்பு என்று பிரித்துச் சொல்லிவிடுவார். நாவே ஆய்வுக்கூடமாக இருந்த காலத்தில் அப்பிரிவினை போதுமானதாக இருந்தது. இன்று அது போதாது. ஏனெனில், இக்காலத்து நீரில் கலக்கும் கேடுகளில் பெரும்பாலானவை நாவிற்குத் தெரியாதவை; கண்ணிற்குப் புலப்படாதவை; மூக்கிற்கு எட்டாதவை. அவ்வாறாயின், குழாயில் வருவது நல்ல தண்ணீர்தான் என்று இன்று உறுதி சொல்ல வேண்டியவர் யார்? அவ்வுறுதியை அவர் எந்த மொழியில், எந்தச் சுவரில் எழுதிச் சொல்லுகிறார்? இவ்விரு வினாக்களையும் தமிழ மக்கள் இனியேனும் உரத்துக் கேட்டாக வேண்டும்.

எடப்பாடி, பழைய எழுத்தில் இடைப்பாடி. பாடி என்னும் முல்லைநிலத்து ஊர்ப்பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். சேலம் மாவட்டத்தின் மேற்கே தறியையும் உழவையும் நம்பி வாழும் நகராட்சி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 55 ஆயிரம் மக்கள். 2017 முதல் 2021 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவரின் பெயரோடு ஒட்டி நாடெங்கும் அறியப்பட்ட பெயர். ஆயினும் பெயர்பெற்ற ஊரென்றாலும் பெயரற்ற சிற்றூரென்றாலும், குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணின் வினா ஒன்றே. ஆகவே, எந்தக் கட்சி ஆண்டபோது எது நடந்தது என்னும் வழக்கை ஈண்டு நாம் எடுக்கவில்லை. குழாய்க்குக் கட்சியில்லை, குடலுக்கும் இல்லை.

காவிரி எதைச் சுமந்து வருகிறது?

எடப்பாடியின் நல்ல தண்ணீர் என்பது காவிரித் தண்ணீர். 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையினின்று இறங்கி, ஊருக்கு மேற்கே பூலாம்பட்டியை ஒட்டி ஓடும் ஆற்றினின்று ஏற்றிக் கொணரப்படுவது. காவிரி என்றவுடன் தமிழனின் நெஞ்சில் எழும் வினா, 'எவ்வளவு?' என்பதே. 2007-இல் நடுவர் மன்றம் 192 டி.எம்.சி. நீரைக் கருநாடகம் விட வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச வழக்குமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கென்றே ஒதுக்கப்பட்டது. இக்கணக்கை அறியாதார் நம்முள் சிலரே. ஆனால், இக்கணக்கின் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்த்தவரும் சிலரே.

பெங்களூர் குடித்த நீர் எங்கே போகிறது? குடித்தும் குளித்தும் கழுவியும் கழித்த நீரில் ஒரு பெரும்பகுதி, இன்று சாக்கடையாகிப் போன விருசபாவதி ஆற்றின் வழியே அர்க்காவதியில் விழுந்து, மேக்கேதாட்டுக்கு அருகே காவிரியில் கலக்கிறது. நம் பங்கில் குறைத்து எடுத்த தூயநீர், கழிவாக மாறி நம் ஆற்றிற்கே திரும்பி வருகிறது! காவிரியிலும் தென்பெண்ணையிலும் கருநாடகம் கழிவைக் கலக்கிறது என்று தமிழ்நாட்டரசு 2015-இல் உச்ச வழக்குமன்றத்தின் கதவைத் தட்டியது. அளவிற்காக நடந்த வழக்கைத் தெருத்தோறும் பேசினோம். தரத்திற்காக நடந்த இவ்வழக்கைத் திண்ணையிலும் பேசவில்லை. மேட்டூர் அணையின் தேங்குநீரில் பச்சைப் பாசி படர்ந்து நாற்றம் எழுவதாகக் கரையோர மக்கள் முறையிட்ட செய்தி பலகால் வந்துவிட்டது. பாசி வெறுநீரில் அவ்வாறு கொழுப்பதில்லை. அதற்கு உரம் வேண்டும். சாக்கடையும் வயல்களினின்று வடியும் செயற்கை உரமுமே அதற்கு உணவு.

அணைக்குக் கீழேயும் கவலை உண்டு. மேட்டூரைச் சுற்றி 1930-களிலிருந்தே வேதிப்பொருள் ஆலைகள் எழுந்தன. பின்னர் அனல்மின் நிலையமும் வந்தது. பூலாம்பட்டி அவற்றிற்குக் கீழ்நீரில் இருப்பது. ஆறுகளை ஒட்டி 1 கிலோமீட்டர் எல்லைக்குள் மிகுமாசு ஆலைகளைப் புதிதாகத் தொடங்கலாகாது என்று தமிழ்நாட்டரசு 1989-இலேயே ஆணையிட்டதன் கரணியம், இத்தகைய இடங்களின் இடரை அரசே உணர்ந்திருந்தமைதான்.

இவற்றைக் கொண்டு, பெங்களூரின் சாக்கடை எடப்பாடியின் குழாயில் அப்படியே வருகிறது என்று கூறுதல் பிழை. நெடுந்தொலைவு ஓட்டமும் மேட்டூரின் பெருந்தேக்கமும் கதிரொளியும் நீரைப் பெரிதும் தெளிவிக்கின்றன. அதன்மேல் வடிகட்டலும் குளோரின் கலத்தலும் உள்ளன. ஆனால், இம்முறைகளால் ஆவது எது, ஆகாதது எது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மணல் வடிகட்டி கலங்கலை நீக்கும். குளோரின் நோய் நுண்ணுயிர்களைக் கொல்லும். நீரில் கரைந்துவிட்ட உப்பையும், ஈயம், குரோமியம் முதலிய மாழைகளையும் குளோரின் நீக்காது. அவற்றை நீக்குவதற்கென மணல் வடிகட்டியும் அமைக்கப்படவில்லை. கரைந்த நஞ்சிற்கு எளிய மருந்து ஒன்றே: அதனை ஆற்றில் விழாமல் தடுத்தல்.

உப்புத் தண்ணீரின் கதை

இனி, நிலத்தடி நீர். சேர்வராயன் மலையில் பிறந்து, ஓமலூர்ப் பக்கமாக இறங்கி, வழியில் ஏரிகளை நிரப்பி, எடப்பாடியைத் தொட்டுச் சென்று, தேவூர்ப் பக்கம் காவிரியில் கலக்கும் சிற்றாறு சரபங்கா. ஆறு ஏரியை நிரப்ப, ஏரி கிணற்றை ஊற்ற, கிணறு ஊரை வாழ்விக்க, நம் முன்னோர் கட்டிய ஒழுங்கு அது. அவ்வொழுங்கு அறுந்து ஓர் இரண்டு தலைமுறை ஆகின்றது. ஊர்களின் சாக்கடை, ஆற்றையும் ஏரியையுமே தன் வடிகாலாகக் கொண்டுவிட்டது. தாரமங்கலம், சலகண்டபுரம், எடப்பாடி என்று நீளும் இந்நெசவு நிலத்தில் சாயக் கழிவும் அதே ஆற்றில் விடப்படுவதாக மக்கள் குறைகூறி வருகின்றனர்.

சாயக்கழிவில் நாம் அஞ்ச வேண்டியது நிறத்தை மட்டும் அன்று. பருத்தி நூலில் சாயம் ஏற வேண்டுமாயின் உப்பினைப் பெருமளவில் கலக்க வேண்டும். சாயம் நூலில் ஏறிவிடும். உப்போ அலசிய நீரோடு வெளியேறிவிடும். சுண்ணாம்பும் பிற மருந்தும் இட்டு நிறத்தை இறக்கிவிடலாம். கரைந்த உப்பு அவற்றிற்கு அசையாது. ஆகவே, தெளிந்த நீரைக் காட்டி, 'கழிவைத் தூய்மை செய்துவிட்டோம்' என்று எவரேனும் சொல்வாராயின், உப்பின் அளவு என்ன என்று அவரை வினவுக. மண்ணில் இறங்கிய உப்பு அடுத்த மழைக்கே கரைந்து போய்விடுவதன்று. கிணற்றில் ஏறி, வேரில் ஏறி, நிலத்தையே உவராக்கிவிடுவது.

சாக்கடையும் வயலுரமும் நிலத்தடியில் இறங்கினால் விளைவது நைட்ரேட்டு. இந்தியத் தரநிலையின்படி ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது. மிகுமாயின், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்க இயலாமற் போகும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 

மாந்தன் செய்யாத கேடும் ஒன்று உண்டு. அது பாறையிலேயே இருப்பது. சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி நிலமெல்லாம் கடும்பாறை நிலம். அப்பாறைகளில் உள்ள கனிமங்களினின்று புளூரைடு சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. கிணறு ஆழ ஆழ, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர் மேலேறி வருகிறது. பெரும்பாலும் புளூரைடும் அதனோடு ஏறுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு; வேறு நீரே கிட்டாதவிடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்பது தரநிலை. அதற்கு மேற்பட்டால், வளரும் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். நெடுநாள் குடித்தாரின் எலும்பு இறுகி, முதுகு வளையாமற் போகும். கொதிக்க வைத்தால் இது போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் இக்கேட்டை நீக்குவதற்கென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013-இல் மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. பாறை ஒன்றேயாக இருக்க, மாவட்ட எல்லைக்கோடு புளூரைடைத் தடுத்து நிறுத்துமோ?

இங்குத்தான் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்னும் பழைய பிரிவினை நம்மை ஏமாற்றுகிறது. காவிரி நீர் குறைந்த நாள்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி விடுகின்றனர். குழாய் ஒன்றே, தொட்டி ஒன்றே, ஆனால் நீர் வேறு. இன்று வந்தது தனிக் காவிரியா, கலப்பா என்று வீட்டாருக்குச் சொல்வார் இலர். நாவு சிறிது கரித்தால் உண்டு. இல்லையேல் அதுவும் இல்லை.

மேட்டூர் அணையின் மிகைநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றும் 565 கோடி உருவாத் திட்டத்தின் முதற்கட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. வறண்ட ஏரிக்கு நீர் வருதல் வரவேற்கத் தக்கது. நல்ல நீர் இறங்கினால் நிலத்தடி உப்பும் தளரும். ஆனால், சாக்கடை விழும் வாயை அடைக்காமல் ஏரியை நிரப்பினால், ஏரியின் அழுக்கையும் சேர்த்தே கிணற்றிற்கு இறக்குகிறோம். நீரேற்றத்திற்குக் கோடிகளை ஒதுக்கும் அரசு, ஏரிவாயில் கழிவைத் தடுப்பதற்கும் அதே முனைப்பைக் காட்ட வேண்டும்.

குழாய்க்குள் நிகழ்வது

ஆறு தூயது, தொட்டி தூயது என்றே கொள்வோம். வீட்டிற்கு வரும்போதும் நீர் தூயதா? நம் நகரங்களில் குழாயில் நீர் எப்போதும் ஓடுவதில்லை. சில மணி நேரம் வந்து நின்றுவிடும். சில இடங்களில் சில நாளுக்கு ஒருமுறையே வரும். நீர் நின்றபின் குழாயினுள் அழுத்தம் இல்லை. அந்நிலையில் குழாயில் எங்கேனும் விரிசல் இருப்பின், வெளியில் உள்ள சாக்கடை உள்ளே ஏறும். பக்கத்திலே சாக்கடை ஓட, அதனூடே குழாயும் ஓடும் தெருக்கள் நம் ஊர்களில் எத்தனை! அழுத்தம் போதாமையால் மக்கள் குழி தோண்டிக் குழாயைத் தரைமட்டத்திற்குக் கீழே இறக்கி வைக்கின்றனர். மழைநீரும் அழுக்கும் அக்குழியில் நிற்கின்றன. இன்னும் சிலர் குழாயில் நேரே மின்னெக்கியை மாட்டி உறிஞ்சுகின்றனர். அவ்வுறிஞ்சல் அண்டை வீட்டின் நீரை மட்டுமன்று, விரிசல்வழிச் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கும். தம் வீட்டுக் குடத்திற்குத் தாமே நஞ்சை வலிந்து அழைப்பதன்றோ இது?

1854-இல் இலண்டன் நகரின் ஒரு தெருவில் வாந்திபேதியால் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினால் வந்தது என்றனர் கற்றோர். சான் சுனோ என்னும் மருத்துவர் மட்டும் இறந்தோரின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்து, ஒரே கைக்குழாயின் நீரை அவர்களுள் பெரும்பாலோர் குடித்தமையைக் கண்டார். குழாயின் பிடி கழற்றப்பட்டது. அக்கிணற்றின் அருகே ஒரு மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர்த் தெரிந்தது. நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தும், சாக்கடைக்கும் குடிநீருக்கும் இடையில் ஒரு முழ மண்ணையே வேலியாக வைத்திருக்கிறோம்.

இதற்குக் காவல் குளோரின். ஆனால், தொட்டியில் கொட்டிய வெளுப்புத்தூள் மட்டும் காவலாகாது. கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நின்றால்தான், வழியில் நுழைந்த நுண்ணுயிரை அது கொல்லும். திறந்த மூட்டையில் நாள்பட்ட தூள் வலிமை இழந்துவிடும். மூட்டை கொட்டிய கணக்கு ஏட்டில் இருக்கும். தூளின் வலிமை ஏட்டில் இராது. ஆய்வதற்கோ ஒரு குப்பி நீரும் சில துளி மருந்தும் நிறம் ஒப்பிட ஓர் அட்டையும் போதும். ஐந்து நிமையத்தில் முடியும் அவ்வேலையைக் கடைக்கோடித் தெருவில் நாள்தோறும் செய்கிறார்களா என்பதே வினா.

அச்சத்தை விற்கும் வணிகம்

அரசு சொல்லாதபோது வணிகன் சொல்லத் தொடங்குகிறான். கையில் ஒரு சிறு அளவுகோலோடு வீடுவீடாக வருகிறான். குழாய் நீரில் அதனை நட்டு, 'பாருங்கள், அறுநூறு' என்கிறான். அக்கோல் அளப்பது நீரில் மின்னோட்டம் பாயும் இயல்பை. அதினின்று கரைந்த உப்பின் அளவைக் கணிக்கிறது. அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. புளூரைடு இருப்பினும் அது தனித்துச் சொல்லாது. உப்புக் குறைந்த நீரில் நோய் நுண்ணுயிர் கோடிக்கணக்கில் நெளிந்தாலும் 'நன்று' என்றே காட்டும்.

அடுத்து, இரண்டு இரும்புக் கம்பிகளை நீரில் நட்டு மின்னேற்றிக் காட்டுகிறான். குழாய் நீர் செம்பழுப்பாய்க் கலங்குகிறது. அவன் கருவியின் நீர் தெளிவாகவே நிற்கிறது. வீட்டார் அலறுகின்றனர். உண்மையில் அங்கே கலங்கித் தெரிவது நீரிலிருந்த அழுக்கன்று. அவன் நட்ட இரும்பின் துரு. உப்புள்ள நீரில் மின் பாயும், இரும்பு கரையும். உப்பற்ற நீரில் பாயாது, கரையாது. காவிரி நீரும் தேங்காய்த் தண்ணீரும்கூட இந்தச் சூழ்ச்சியில் 'நஞ்சாக' மாறும்! அறியாமையை முதலாகப் போட்டு நடக்கும் இவ்வணிகத்தில், தறிக்கூலியிலும் வயற்கூலியிலும் மிச்சம் பிடித்த உருவா கரைகின்றது. வாங்கிய கருவியோ ஒரு குடம் நீர் தர இரண்டு மூன்று குடம் நீரைக் கழித்துத் தள்ளுகிறது. கருவி வாங்க இயலாதார் பெருங்குடுவைத் தண்ணீருக்குக் கிழமைதோறும் காசு கொடுக்கின்றனர். அதற்கும் இயலாதார் குழாய் நீரையே குடித்துவிட்டு இறைவன்மேலோ ஊழின்மேலோ பாரத்தைப் போடுகின்றனர். பொதுக்குழாயில் நம்பிக்கை போன ஊரில், நல்ல தண்ணீர் காசுள்ளவனின் உடைமையாகிவிடும்.

ஆய்வுத்தாளின் மொழி

ஆய்வே நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. 1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திற்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் உண்டு. 2019-இல் நடுவணரசு தொடங்கிய, பெயரிலேயே நம் மொழி இல்லாத 'சல் சீவன்' திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்டிர்க்கு நீராய்வுப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரவேண்டும் என்பது ஒழுங்கு. ஆகவே, நீராய்வு கற்றறிந்த சிலரின் மறைபொருள் அன்று; ஊர்ப்பெண்டிர் செய்யத்தக்க வேலைதான் என்பதை அரசே ஒப்புக்கொண்டது.

ஆய்ந்த முடிவு எங்கே போகிறது? அலுவலகக் கோப்பிற்கும் கணிப்பொறித் திரைக்கும் போகிறது. அத்தாளை எடுத்துப் பார்த்தாலோ, அதில் நிற்கும் சொற்களும் குறுக்கங்களும் ஆங்கிலம். யாருடைய குடலுக்குள் அந்நீர் போகிறதோ, அவருக்கு அத்தாள் பேசுவதில்லை. 1956-இலேயே ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாடு இது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகியும், தான் குடிக்கும் நீரைப் பற்றிய முடிவைத் தமிழன் தமிழில் படிக்க வழியில்லை என்றால், ஆட்சிமொழி என்பது பெயர்ப்பலகைக்கும் விழா மேடைக்கும் மட்டுந்தானா? தமிழ் வாழ்க என்று நாம் எழுதிய சுவர்களுக்குப் பக்கத்திலேயே நீர்த்தொட்டி நிற்கிறது. அத்தொட்டியில் ஏழு வரி தமிழ் எழுத வேண்டும் என்று கேட்டோமா?

அவ்வேழு வரிகளைச் சொல்கிறோம்: நீர் வந்த இடம், அது கலப்பா தனியா, தொட்டி கழுவிய நாள், நோய் நுண்ணுயிர் உண்டா இல்லையா, இருத்தலே ஆகாது, கடைசி வீட்டில் எஞ்சிய குளோரின், குறைந்தது 0.2, புளூரைடு, மேல் எல்லை 1.5, நைட்ரேட்டு, மேல் எல்லை 45, கரைந்த உப்பு, ஏற்கத்தக்கது 500, வேறு வழியில்லாதவிடத்து 2000. இவற்றைப் படிக்க வேதியியல் பட்டம் வேண்டுவதில்லை. எல்லை இது, இன்று உள்ளது இது என்று இரண்டு எண்களை அருகருகே எழுதிவிட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் தாய்க்குப் படித்துச் சொல்லும்.

அறியாமல் இருந்தவர் பட்ட பாடு

அறிவியாமையின் விலையைப் பிற ஊர்கள் கொடுத்திருக்கின்றன. நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காக 1992-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. யாருக்காக அணை கட்டினரோ அவ்வுழவரே 'அந்நீரைத் திறவாதீர்' என்று கதறும் நிலை வந்தது. 2011 சனவரியில் சென்னை உயர் வழக்குமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவை முதலிலேயே தடுத்திருந்தால் நிலமும் பிழைத்திருக்கும். தொழிலாளியும் ஒரே நாளில் வேலையிழந்து தெருவில் நின்றிருக்கமாட்டான்.

ஈழத்தில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், மின்நிலையத்தின் எண்ணெய்க்கழிவு நிலத்தடியில் இறங்கிக் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. நீர் கெட்டதா இல்லையா என்று அலுவலர்களும் வல்லுநர்களும் வாதிட்டுக்கொண்டிருக்க, மக்கள் ஊர்திகளில் வந்த நீருக்குக் காத்து நின்றனர். 2019 ஏப்பிரலில் இலங்கை உச்ச வழக்குமன்றம் மின்னாக்க நிறுமம் 2 கோடி உருவா இழப்பீடு தரவேண்டும் என்று தீர்த்தது. ஆற்றுநீரில்லாத யாழ் மண்ணில் கெட்ட கிணற்றிற்கு உருவா ஈடாகுமா?

செல்வமும் அறிவியலும் மிக்க அமெரிக்காவில், பிளிண்டு என்னும் நகரில், செலவைக் குறைக்க 2014-இல் குடிநீர் எடுக்கும் இடத்தை மாற்றினர். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தைக் கலக்கவில்லை. பழங்குழாயின் ஈயம் நீரில் இறங்கியது. மக்கள் பழுப்பு நீரைக் குப்பியில் ஏந்திக் காட்டியபோது, 'நீர் நல்லது' என்றனர் ஆளவந்தார். மக்களும் பல்கலைக்கழக ஆய்வாளரும் தாமே அளந்து காட்டியபின்னரே உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. 2015 அக்டோபரில் பழைய நீருக்கு மீண்டனர். அளந்த எண் மக்கள் கையில் இருந்தமையால்தான் அந்நகரம் வழக்காட முடிந்தது.

இரண்டு மறுப்புகள்

முடிவுகளை எழுதி வைத்தால் மக்கள் அஞ்சுவர் என்பார் அலுவலர். மக்கள் ஏற்கெனவே அஞ்சித்தான் குடுவைத் தண்ணீருக்குக் காசு கொடுக்கின்றனர். எழுதி வைப்பது அச்சத்தைப் போக்கும் வழி. நல்ல நீரென்றால் குழாயை நம்புவர், கெட்ட நீரென்றால் குடியாது தப்புவர். மறைப்பதனால் இவ்விரண்டும் இல்லை.

கழிவைத் தடுத்தால் நெசவுத் தொழில் அழியும் என்பார் மற்றொரு சாரார். தறியில் உழைப்பவனையும் சாயத்தில் பொருள் ஈட்டுபவனையும் ஒன்றாக்கிப் பேசும் சூழ்ச்சி இது. சிறுபட்டறையாளன் தனியே தூய்மைப்பொறி வைக்க இயலாதவன் என்பது மெய். அதற்குக் கூட்டுத் தூய்மை நிலையமும் அரசின் பொருளுதவியும் வேண்டும். ஆறு வேண்டா என்பது விடையாகாது. நெசவாளியின் பிள்ளையும் அக்கிணற்று நீரைத்தான் குடிக்கிறது.

மேலும் ஒன்று. சரபங்கா காவிரியில் கலந்தபின், அதன் கீழே பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு, கரூர், திருச்சி என்று நம் மக்களே வாழ்கின்றனர். பெங்களூர் நமக்குச் செய்வதைக் கொடுமை என்கிறோம்; மெய்தான். அதனையே நாம் குமாரபாளையத்திற்குச் செய்தால் அதற்கு என்ன பெயர்? மேல்நீரில் இருப்பவனைக் கேட்கும் தகுதி, கீழ்நீரில் இருப்பவனுக்குத் தீங்கு செய்யாதவனுக்கே முழுமையாக உண்டு.

நாம் வலியுறுத்துவன

ஒன்று: எடப்பாடி நகராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் மேற்சொன்ன ஏழு வரிகளைத் திங்கள்தோறும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். குளோரின் அளவு, கடைக்கோடி வீட்டில் அளந்து, நாள்தோறும் எழுதப்பட வேண்டும்.

இரண்டு: ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலக்கும் நாளில் அதனை முன்னரே அறிவிக்க வேண்டும். புளூரைடு மிக்க கிணற்றைக் குடிநீருக்கு எடாது, அதன்மேல் சிவப்பு வண்ணம் பூசி விலக்க வேண்டும்.

மூன்று: சரபங்காவிலும் ஏரிகளிலும் சாக்கடையும் சாயக்கழிவும் விழும் வாய்களைக் கணக்கெடுத்து, அப்பட்டியலை வெளியிட்டு, ஒன்றொன்றாக அடைக்க வேண்டும்.

நான்கு: எல்லையில் பிலிகுண்டுலுவில் வரும் நீரின் அளவு நாள்தோறும் செய்தியாவது போல, அந்நீரின் தரமும் தமிழில் செய்தியாக வேண்டும். காவிரி உரிமை என்பது அளவும் தரமும் சேர்ந்ததே.

இவற்றிற்காக அரசை மட்டும் நோக்கி அமர்ந்திருத்தல் ஆகாது. 2005-ஆம் ஆண்டின் செய்தி அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து உருவாக் கட்டணத்தில், தமிழிலேயே எழுதி, நம் ஊர்த் தொட்டிகளின் ஓராண்டு ஆய்வு முடிவுகளைக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் விடை தரவேண்டும். அன்பர்கள் ஊருக்கு ஒருவராகிலும் இத்திங்களே எழுதுக. வந்த விடையைத் தமிழாக்கித் தேநீர்க்கடைச் சுவரிலும் தறிப்பட்டறை வாயிலிலும் ஒட்டுக. குழாயில் மின்னெக்கி மாட்டும் உறவினரைத் தடுத்து நிறுத்துக. கம்பி நட்டு அச்சுறுத்த வருபவனிடம், 'புளூரைடு எவ்வளவு? நுண்ணுயிர் உண்டா?' என்று கேட்டு அவன் வாயை அடைக்குக.

நல்ல தண்ணீர் என்று நம் தாய்மார் இட்ட பெயர் பொய்யாகலாகாது. அப்பெயருக்குரிய பொறுப்பை, எண்ணாலும் எழுத்தாலும், தமிழால், ஒவ்வொரு தொட்டியின்மேலும் எழுதச் செய்வோம். எழுதும்வரை கேட்போம்.